டிராகன் புத்தகத்தைப் பரணில் போடாதீர்கள்!

விடியற்காலை நாலு மணி. வீடே அடங்கிக் கிடக்கிறது. திடீரென்று, "அம்மா! வருது... வருது!" என்று ஓர் அலறல்.

என் தங்கை மகள் வீட்டுக்கு நான் போயிருந்த இரண்டாம் நாள் நடந்த கூத்து இது. எட்டு வயதுப் பையன், வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் குடிக்க வைத்து, நெற்றியில் திருநீறு பூசி, முதுகைத் தடவிக் கொடுத்து, மறுபடி தூங்க வைப்பதற்குள் வாசலில் பால்காரர் வந்துவிட்டார்.

"எல்லாம் அந்தப் புஸ்தகத்தால வந்த வினை, பெரியம்மா" என்றாள் தங்கை மகள், காப்பியை ஆற்றிக்கொண்டே. "ஸ்கூல் லைப்ரரியிலேருந்து எடுத்துட்டு வந்திருக்கான். பக்கத்துக்குப் பக்கம் நெருப்பைக் கக்கற டிராகன்! பச்சைக் குழந்தை பயந்துக்காம என்ன பண்ணும்? நேத்து சாயங்காலமே பிடுங்கிப் பரண்ல போட்டுட்டேன்."

"பரண்ல போட்டதுக்கு அப்புறமும்தானேம்மா ராத்திரி கத்தினான்?"

அவள் பதில் சொல்லவில்லை. கத்திரிக்காய் நறுக்குவதில் மும்முரமாகிவிட்டாள்.

நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் பல வருஷங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "என் பிள்ளைக்கு ராட்சசக் கதை, டிராகன் கதையெல்லாம் கொடுக்காதீங்க மேடம்" என்று எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் வந்து சொன்னதுண்டு. அந்தப் பிள்ளைகளோ மறுநாளே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மிஸ், டிராகன் புக் இருக்கா?" என்று கேட்டதும் உண்டு. இரண்டு பக்கத்து நியாயத்தையும் பார்த்தவள் என்ற முறையில் உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

பழைய கவலைதான்!

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் செஸ்டர்டன் என்று பிரபலமான எழுத்தாளர் ஒருவர் இருந்தார். தேவதைக் கதைகள் குழந்தைகளைப் பயமுறுத்துகின்றன, அவற்றைச் சொல்லுவதே கொடுமை என்று ஒரு பெண்மணி அவருக்குக் கடிதம் எழுதினாராம். அதற்கு அவர் பதிலாக எழுதிய கட்டுரை 1909-ல் புத்தகமாகவும் வந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: குழந்தைக்குப் பயத்தைக் கற்றுக் கொடுப்பது கதை இல்லை. இருட்டு என்றால் பயம், தனிமை என்றால் பயம் என்று அது ஏற்கனவே குழந்தையின் மனசுக்குள் இருக்கிறது. டிராகனைக் குழந்தை தானாகவே அறியும். கதை புதிதாகக் கொண்டு வந்து கொடுப்பது, அந்த டிராகனை வெல்ல ஒரு வீரனை!

இன்னும் பின்னால் போனால், 1605-ல் ஸ்பெயின் தேசத்தில் வெளியான 'டான் குயிக்சாட்' நாவல். குதிரை வீரர்களின் சாகசக் கதைகளைப் படித்துப் படித்தே புத்தி பேதலித்துப் போன ஒரு பெரியவரின் கதை. அவர் தூங்கும்போது, அவருடைய மருமகளும் வீட்டு வேலைக்காரியும் பாதிரியாரும் நாவிதரும் சேர்ந்து அவருடைய புத்தகங்களை எடுத்துக் கொளுத்திவிடுகிறார்கள். அவர் குணமானாரா? இல்லையே! கொஞ்ச நாளில் மறுபடியும் ஈட்டியும் கையுமாகக் கிளம்பிவிட்டார். புத்தகத்தைக் கொளுத்தினாலும் சரி, பரணில் போட்டாலும் சரி, பலன் ஒன்றுதான்!

சண்டை போட மறுத்த டிராகன்

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் புத்தகங்களில்? பழைய ஐரோப்பியக் கதைகளில் ஒரே மாதிரி அமைப்புதான். ஊருக்கு வெளியே குகையில் ஒரு டிராகன். இறக்கை முளைத்த ராட்சசப் பல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், வாயைத் திறந்தால் நெருப்பு. அதற்கு இரையாகக் கம்பத்தில் கட்டிய ஓர் இளவரசி. தலையிலிருந்து கால் வரை இரும்புக் கவசம் பூண்டு, குதிரை மேல் வரும் வீரன். இவனைத்தான் 'நைட்' என்பார்கள். அவன் டிராகனைக் கொல்லுவான், இளவரசியைக் கல்யாணம் செய்துகொள்ளுவான், கதை முடிந்தது. (சீனாவின் டிராகன் வேறு ஜாதி. அது மழை கொடுக்கிற மங்கலப் பிராணி. இங்கே நாம் பேசுவது ஐரோப்பிய டிராகனைப் பற்றி.)

இதை முதலில் தலைகீழாக மாற்றிப் பார்த்தவர்களில் ஒருவர் கென்னத் கிரஹாம். 1898-ல் அவர் எழுதிய 'தி ரிலக்டன்ட் டிராகன்' கதையில், ஆடு மேய்ப்பவர் ஒருவர் அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறார். மலைக் குகையில் ஏதோ பயங்கரமான ஜந்து! அவருடைய சின்னப் பிள்ளை, புத்தகமும் கையுமாக இருப்பவன், "டிராகன்தானேப்பா, கவலைப்படாதீங்க" என்கிற தோரணையில் பேசுகிறான். போய்ப் பார்த்தால் அந்த டிராகன் கவிதை எழுதிக்கொண்டு சோம்பலாகக் கிடக்கிறது! ஊரார் சண்டை பார்க்க ஆசைப்படுகிறார்கள். டிராகனைக் கொல்ல வந்த புனித ஜார்ஜும் டிராகனும் இந்தப் பையனும் கூடிப் பேசி, ஒரு பொய்ச் சண்டைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். கடைசியில் எல்லோருக்கும் விருந்து.

அந்தப் பையனின் பெற்றோர் அவன் படிப்பதைத் தடுக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வீட்டில் படித்தவனுக்குத்தான் டிராகனைப் பார்த்து உதறல் எடுக்கவில்லை!

இதற்கு நேர் எதிரான பையன் ஒருவனும் இருக்கிறான். சி. எஸ். லூயிஸ் 1952-ல் எழுதிய 'தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்' கதையில் வருகிற யூஸ்டஸ். தகவல் புத்தகங்களை மட்டுமே படித்து வளர்ந்தவன். கதைப் புத்தகம் என்றால் இளக்காரம். அதனால் நிஜமாகவே டிராகனின் குகைக்குள் நுழைந்தபோது, தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்குப் புரியவில்லை. புதையல் மேல் பேராசையோடு படுத்துத் தூங்கி, டிராகனாகவே மாறி எழுந்திருக்கிறான். அழுகிறான், திருந்துகிறான். 'பொது அறிவுப் புத்தகம் படி, கதைப் புத்தகம் எதுக்கு?' என்று சொல்லுகிற நம்மைப் போன்றவர்களுக்கு லூயிஸ் வைத்த செல்லக் குட்டு இது!

வீட்டுக்குள்ளே பிறந்த டிராகன்கள்

இந்தக் கதைகளின் பின்னணியைத் தேடிப் போனால் எங்கே கொண்டு விடுகிறது தெரியுமா? வீட்டுக்குள்ளே. பல இடங்களில் ஓர் அம்மாவிடம்.

ஈ. நெஸ்பிட் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-ல் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவருக்கு அம்மை போட்டுவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத் தொழிலில் கூட்டாளி பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான். கைக்குழந்தையும் நோயாளிக் கணவருமாக நின்ற அந்த அம்மாள் வாழ்த்து அட்டைக்குப் படம் தீட்டியும், பத்திரிகைக்கு எழுதியும்தான் குடும்பத்தை நடத்தினார். பின்னால் அவர் எழுதிய டிராகன் கதைகள் 1900-ல் தொகுப்பாக வந்தன. அதில் ஒன்றில், சிறுமி ஒருத்தியின் கண்ணில் தூசி விழுந்து உறுத்துகிறது. எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அது குட்டியூண்டு டிராகன்! அப்புறம் நாடு முழுக்க ஈசல் மாதிரி டிராகன் மயம். தூங்குகிற புனித ஜார்ஜை எழுப்பினால், "இத்தனையை ஒருத்தனால் சமாளிக்க முடியாது" என்று கையை விரித்துவிடுகிறார். கடைசியில் அண்ணனும் தங்கையும்தான் மழைக் குழாயைத் திறந்துவிட்டு நாட்டைக் காப்பாற்றுகிறார்கள். ஆமாம், குழாய்தான்! வீட்டு நிர்வாகம் தெரிந்தவருக்கு அல்லவா இப்படித் தோன்றும்!

அடுத்தது, 'தி ஹாபிட்' எழுதிய டோல்கீன். நாலு வயதில் தகப்பனாரை இழந்தவர். அம்மா மேபல்தான் வீட்டிலேயே லத்தீன் மொழியும், செடிகொடிகளைப் பற்றிய பாடமும் சொல்லிக் கொடுத்து வளர்த்தார். ஏழு வயது வாக்கில் டோல்கீன் ஒரு டிராகன் கதை எழுதினாராம். 'பச்சைப் பெரிய டிராகன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்த அம்மா, டிராகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'பெரிய பச்சை டிராகன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்தினார். ஏன் அப்படி என்று அன்றைக்கு யோசித்தவர், அறுபது வயது தாண்டியும் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. மொழி ஆராய்ச்சியில் பெரிய பேராசிரியராக ஆனார்.

மேபல் 1904-ல் சர்க்கரை வியாதியால் காலமானார். வயது 34தான். இன்சுலின் ஊசி நோயாளிக்கு முதன்முதலில் போடப்பட்டதே 1922-ல். பன்னிரண்டு வயதில் அம்மாவை இழந்த அந்தப் பையன், வளர்ந்து தகப்பனாகித் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைதான் 1937-ல் வந்த 'தி ஹாபிட்'. அச்சுக்குப் போகுமுன் பதிப்பாளர் அதை யாரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார் தெரியுமா? தம் பத்து வயது மகனிடம்! 'நன்றாக இருக்கிறது' என்று அவன் எழுதிக் கொடுத்ததற்குக் கூலி ஒரு ஷில்லிங்.

ஒரு குழந்தை டிராகனுக்கு ஆசைப்படுவதில் உள்ள சூட்சுமத்தையும் டோல்கீன்தான் விளக்கினார். சிறு வயதில் டிராகன் வேண்டும் என்று தமக்குத் தீராத ஆசை. ஆனால் அது அக்கம்பக்கத்தில் வந்து குடியிருக்க வேண்டும் என்று ஆசை இல்லை என்றார். எவ்வளவு உண்மை! ஜன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு இடி மின்னலை ரசிக்கிற மாதிரிதான் இது. அந்த ஜன்னல்தான் புத்தகம்.

அமெரிக்காவில் ரூத் கேனட் 1948-ல் எழுதிய 'மை ஃபாதர்ஸ் டிராகன்' இன்னும் வேடிக்கை. படங்கள் வரைந்தவர் அவருடைய சிற்றன்னை. காட்டுத் தீவில் கயிற்றால் கட்டி வேலை வாங்கப்படும் டிராகன் குட்டியை மீட்கப் போகிறான் ஒரு சிறுவன். கையில் வாள் கிடையாது. மூட்டையில் இருப்பவை சூயிங்கம், லாலிபாப், சீப்பு, ரிப்பன், பல் தேய்க்கும் பிரஷ்! சிங்கத்துக்குப் பிடரி சிக்கு விழுந்த கவலை. சீப்பும் ரிப்பனும் கொடுக்கிறான். காண்டாமிருகத்துக்குக் கொம்பு அழுக்கான வருத்தம்; பிரஷ் கொடுக்கிறான். யாருக்கு என்ன குறை என்று பார்த்துப் பார்த்துத் தீர்த்துவிட்டே குட்டியை மீட்கிறான். நாம் தினமும் வீட்டில் செய்கிற காரியம்தானே! ஏழு பெண்களைப் பெற்று வளர்த்த ரூத் கேனட், நூறு வயது வாழ்ந்து 2024-ல் மறைந்தார்.

கம்பத்தில் கட்டிய இளவரசி என்ன ஆனாள்?

பெண் குழந்தைகளின் அம்மாக்களே, இது உங்களுக்கு. "பொண்ணுக்கு எதுக்கு இந்தச் சண்டைக் கதை?" என்று ஒதுக்காதீர்கள். இந்தக் கதைகளில் அதிகம் மாறினவளே இளவரசிதான்.

நெஸ்பிட் மறைந்த பிறகு 1925-ல் வெளியான ஒரு கதையில், இளவரசி வாள் சண்டையில் கெட்டிக்காரி. இளவரசனோ கணக்கும் தத்துவமும் படித்தவன். இரண்டு பேரும் சேர்ந்தே டிராகனைப் பார்க்கப் போகிறார்கள். இளவரசி அன்பாக ஒரு வார்த்தை கூப்பிட்டதும் டிராகன் அழுதுவிடுகிறது! இதுவரை யாரும் அதனிடம் அப்படிப் பேசினதே இல்லையாம்.

ராபர்ட் மன்ஷ் என்பவர் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தபோது டிராகன் கதைகள் சொல்லுவார். கடைசியில் இளவரசன் வந்து இளவரசியைக் காப்பாற்றுவான். அங்கேயே வேலை பார்த்த அவர் மனைவி, "ஏன், இளவரசி இளவரசனைக் காப்பாற்றக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் கனடாவில் 1980-ல் வெளியான 'தி பேப்பர் பேக் பிரின்சஸ்'. டிராகன் அரண்மனையை எரித்துவிடுகிறது. உடுத்தத் துணி இல்லாமல் காகிதப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள் இளவரசி. டிராகனைப் புகழ்ந்து புகழ்ந்தே நெருப்பையெல்லாம் கக்க வைத்து, உலகத்தைச் சுற்றிப் பறக்க வைத்து, களைத்துத் தூங்க வைத்துவிட்டு இளவரசனை மீட்கிறாள். அந்த மகானுபாவனோ, "இதென்ன கோலம்? நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு வா" என்கிற ரீதியில் பேசுகிறான். அவள் அவனைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம் பெண்கள் எட்டு வயதில் ஒரு தடவை படித்து வைத்தால் நல்லது. இருபத்தைந்து வயதில் உபயோகப்படும்!

பெட்ரிஷியா ரீட் 1990-ல் எழுதிய 'டீலிங் வித் டிராகன்ஸ்' நாவலின் இளவரசி, கல்யாண ஏற்பாடு பிடிக்காமல் தானாகவே டிராகனிடம் வேலைக்குப் போகிறாள். சமையலும், புதையலைத் துடைத்து அடுக்குவதும்தான் வேலை. காப்பாற்ற வருகிற வீரர்களைத் திருப்பி அனுப்புவதே அவளுக்குப் பெரும் பாடு! ஜூலியா டொனால்ட்சன் 2010-ல் எழுதிய 'ஜாக்' என்ற படக் கதையிலோ, இளவரசிக்கு டாக்டராக ஆசை. பள்ளியில் அடிபடுகிற டிராகன் குட்டிக்கு வருஷா வருஷம் பிளாஸ்திரி ஒட்டுகிறாள். காப்பாற்ற வந்த நைட்டுக்கும் டாக்டராகவே ஆசை. டிராகன் அவர்களுக்குப் பறக்கும் ஆம்புலன்ஸ்!

பரணிலிருந்து இறங்கிய புத்தகம்

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அன்று மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். கிரெஸிடா கௌவல் எழுதிய 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்'. 2003-ல் வந்தது, 2010-ல் சினிமாவாகவும் வந்து பெயர் வாங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் பாதி படித்துவிட்டேன்.

கதாநாயகன் பெயர் ஹிக்கப், அதாவது விக்கல்! தலைவரின் மகன்தான், ஆனால் சோனி. தடியனான உறவுக்காரப் பையன் ஒருவன் எந்நேரமும் அவனைக் கேலி செய்து வதைக்கிறான். ஆளுக்கொரு டிராகனைப் பிடித்துப் பழக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். இவனுக்குக் கிடைத்ததோ பொக்கை வாய்க் குட்டி டிராகன். பழக்குவது எப்படி என்று சொல்லித் தர ஒரு கையேடு இருக்கிறது. அதில் உள்ள யோசனை ஒன்றே ஒன்று: கத்து, இன்னும் உரக்கக் கத்து! ஹிக்கப்புக்கோ கத்த வராது. அவன் டிராகனின் பாஷையில் பேசிப் பார்க்கிறான்.

படித்தபோது எனக்குள் ஏதோ பொறி தட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "ராத்திரி வருதுன்னியே, அது எப்படி இருக்கும்? வரைஞ்சு காட்டேன், பாட்டி பார்க்கறேன்" என்றேன்.

வரைந்தான். பெரிய பச்சை டிராகன். அது உட்கார்ந்திருந்தது குகையில் இல்லை. பள்ளிக்கூட வேனின் கடைசி சீட்டில். காலடியில் ஒரு டிபன் பாக்ஸ்.

"இது யாரோடதுப்பா?"

வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக வந்தது. வேனில் ஒரு பெரிய பையன். இரண்டு மாசமாக இவனுடைய டிபனைப் பிடுங்கித் தின்றுவிடுகிறான். அம்மாவிடம் சொன்னால் ஓடுகிற வேனிலிருந்து தள்ளிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சமையலறை வாசலில் தங்கை மகள் கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள். "டிபன் பாக்ஸ் காலியா வருதே, பிள்ளை நல்லா சாப்பிடறான்னு சந்தோஷப்பட்டேனே பெரியம்மா" என்றாள். கண்ணில் தண்ணீர்.

பாருங்கள், டிராகன் புத்தகத்திலிருந்து வரவில்லை. தினமும் காலை ஏழரை மணிக்கு வேனில் ஏறி வந்துகொண்டிருந்தது. சோனிப் பையன் ஒருவன் தடியனைச் சமாளிக்கிற கதையைக் குழந்தை தானே தேடிப் பிடித்து, போர்வைக்குள் வைத்துப் படித்திருக்கிறான். அவன் கண்டுபிடித்து வைத்திருந்த மருந்தைத்தான் நாம் நோய் என்று நினைத்துப் பரணில் போட்டுவிட்டோம்!

அப்புறம் நடந்தது சாதாரண விஷயம். அவன் அப்பா வேன் டிரைவரிடம் பேசி முன் சீட்டில் இடம் மாற்றினார். அம்மா அந்தப் பையன் வீட்டுக்கே போய், சண்டை போடாமல் அவன் தாயாரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். அலறல் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. இரண்டு வாரத்தில் குறைந்து, பிறகு நின்றது.

ராத்திரி அலறினால்...

பொதுவாகத் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். கெட்ட கனவு வேறு, தூக்க அலறல் வேறு.

கெட்ட கனவு பெரும்பாலும் பின்னிரவில், விடியும் நேரத்தை ஒட்டி வரும். குழந்தை முழித்துக்கொள்ளும், உங்களை அடையாளம் தெரியும், கனவும் ஞாபகம் இருக்கும். அணைத்துப் பேசினால் அடங்கும். எங்கள் பையனுக்கு வந்தது இதுதான்.

தூக்க அலறல், தூங்கின இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வரும். கண் திறந்திருக்கும், கத்தும், ஆனால் உங்களைத் தெரியாது. காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. உலுக்கி எழுப்பாதீர்கள். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும், தானே அடங்கிவிடும். ஜுரம், களைப்பு, போதாத தூக்கம் இவற்றால் அதிகமாகும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

எதுவானாலும் அடிக்கடி வந்தால், பகலிலும் குழந்தை பயந்து ஒடுங்கினால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

எந்த வயதுக்கு எது?

நாலு முதல் ஆறு வயது: 'ஜாக்', 'தி பேப்பர் பேக் பிரின்சஸ்' போன்ற படக் கதைகள். டாமி டி பாவ்லாவின் 'தி நைட் அண்ட் தி டிராகன்' (1980) வெகு ஜோர். சண்டை போடத் தெரியாத நைட்டும் டிராகனும் புத்தகம் பார்த்துச் சண்டை பழகிவிட்டு, கடைசியில் இருவருமாகச் சாப்பாட்டுக் கடை வைத்துவிடுகிறார்கள்!

ஆறு முதல் எட்டு: 'மை ஃபாதர்ஸ் டிராகன்'. தினம் ஓர் அத்தியாயமாக நீங்கள் படித்துக் காட்டலாம்.

எட்டு முதல் பதினொன்று: 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்', 'டீலிங் வித் டிராகன்ஸ்', 'தி ஹாபிட்'. கிரஹாமின் கதைக்கு இங்கிலீஷ் கொஞ்சம் பழைய நடை. கூட உட்கார்ந்து உதவுங்கள்.

பன்னிரண்டுக்கு மேல்: உர்சுலா லெகுவின் 1968-ல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'. கர்வத்தால் தப்புச் செய்த பையன், தன் நிழலையே எதிர்கொள்ளுகிற அருமையான கதை. கிறிஸ்டோஃபர் பவோலினியின் 'எராகன்' நாவலையும் கொடுக்கலாம். வீட்டிலேயே அம்மாவிடம் பாடம் படித்த அந்த அமெரிக்கப் பையன், அதை எழுத ஆரம்பித்தபோது வயது பதினைந்து! 2002-ல் பெற்றோரே புத்தகமாகப் போட்டார்கள். மறு வருஷம் பெரிய பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. சண்டையும் சாவும் உண்டு, அதனால் சின்னவர்களுக்கு வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. அட்டையில் டிராகன் இருப்பதெல்லாம் குழந்தைப் புத்தகம் அல்ல. 1996-ல் வந்த 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கானது. வாங்குமுன் நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதே" என்று தயங்குகிறீர்களா? குழந்தையைப் படிக்கச் சொல்லி, கதையைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ராத்திரி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்கலாம். பயமான கட்டத்தில் நிறுத்திவிட்டு விளக்கை அணைக்காதீர்கள். டிராகன் தோற்கிற வரைக்கும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். "உன் டிராகன் எப்படி இருக்கும்?" என்று எப்போதாவது ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பதில் வர நேரமாகலாம். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

போன வாரம் தங்கை மகள் போன் பண்ணினாள். பின்னணியில் பையனின் குரல் கேட்டது. ஏதோ ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா, பையனுக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"அவன் நல்லாத் தூங்கறான், பெரியம்மா. நான்தான் தூங்கல. அந்தப் பொக்கை வாய் டிராகனுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சேன்!"

பரண் இப்போது காலி.